டான் வெஸ்ஸன் 15-2: 4 இன்ச் பேரலும் கைப்பிடியும் எங்கே தேடுவது?

ஓஹாயோ செந்தில்

வணக்கம். பழைய டான் வெஸ்ஸன் 15-2 ரிவால்வர் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. .357 மேக்னம் தோட்டாவுக்கானது, ஃபிரேமில் (உடற்சட்டத்தில்) மான்சன், மாசசூசெட்ஸ் என்ற முத்திரை, 6 இன்ச் பேரல் (குழல்), அதை மூடும் ஷ்ரௌட் என்ற உறை, உறையின் மேல்முதுகான ரிப்பில் துளைகள். ட்ரிகர் வெண்ணெய் மாதிரி போகிறது, சிலிண்டர் ஆட்டம் இல்லாமல் பூட்டுகிறது, இந்த விலைக்கு இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆனால் கூடவே வந்திருக்க வேண்டிய எதுவும் இல்லை. பேரலைக் கழற்றும் சாவி இல்லை, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி பார்க்கும் கேஜ் இல்லை. கைப்பிடி வால்நட் மரம், மேல் ஓரத்தில் ஃபிரேமை ஒட்டி விரிசல் விட்டிருக்கிறது, யாரோ பசை வைத்து அடைத்து அதன்மேல் வார்னிஷும் பூசிவிட்டார்கள். எனக்கு இன்னொரு 4 இன்ச் பேரலும் வேண்டும், மாற்றிப் போடத்தான் இந்த ரிவால்வரையே தேடினேன்.

ஏலத் தளத்தில் ஒருவர் 4 இன்ச் பேரலை மட்டும் விற்கிறார், இன்னொருவர் ஷ்ரௌட் மட்டும், மூன்றாமவர் நட் மட்டும். மூன்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் பொருந்துமா? அப்புறம் .44 மாடலுக்கான கைப்பிடி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அது என்னுடையதில் ஏறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெக்ஸாஸ் முருகேசன்

செந்தில் தம்பி, நல்ல பொருள் வாங்கியிருக்கிறீர்கள். மான்சன் முத்திரை இருக்கிற 15-2 என்றால் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்யலாம். ஆனால் பாகம் வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயரில் பல காலத்து ரிவால்வர்கள் இருக்கின்றன.

கொஞ்சம் கதை தெரிந்தால் தேடுவது சுலபம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனைத் தொடங்கியவர்களில் ஒருவரின் கொள்ளுப்பேரன் டேனியல் வெஸ்ஸன், அந்தக் குடும்ப நிறுவனம் வேறு கைக்குப் போன பிறகு வெளியே வந்து 1968இல் மான்சனில் சொந்தமாகத் தொடங்கியதுதான் இது. பேரல் மாற்றும் அமைப்பு கார்ல் லூயிஸ் என்ற வடிவமைப்பாளருடையது. வெஸ்ஸன் 1978இல் இறந்தார். அதற்குப் பிறகு நிறுவனம் கைமாறி, பக்கத்து ஊரான பாமருக்குப் போய், 1990களின் நடுவில் திவாலாகி, வேறொருவர் வாங்கி நியூயார்க் மாநிலம் நார்விச்சுக்குக் கொண்டுபோனார், 2005இல் செக் துப்பாக்கி நிறுவனமான சிஇசட்டின் அமெரிக்கக் கிளை, சிஇசட்-யுஎஸ்ஏ, அதை வாங்கியது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், விற்கிறவர் "டான் வெஸ்ஸன் பேரல்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார், அது எந்தக் காலத்தது, எந்த ஃபிரேமுக்கு என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மற்ற ரிவால்வர்களில் பேரல் என்பது ஒரே கனமான துண்டு. இதில் அது மூன்று: உள்ளே மெல்லிய குழாயாகப் பேரல், அதன் மேல் சொருகும் ஷ்ரௌட், முன்வாயில் முடுக்கும் நட். பேரலின் ஒரு முனை ஃபிரேமில் திருகி நிற்கும், மறுமுனையை நட் இழுத்துப் பிடிக்கும். இரண்டு பக்கமும் இழுபட்டு விறைப்பாக நிற்பதால்தான் இந்தத் துப்பாக்கி இவ்வளவு துல்லியமாகச் சுடுகிறது. ஆகவே மூன்றும் ஒன்றுக்கொன்று சேர வேண்டும். ஷ்ரௌட் நீளமும் பேரல் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும், 4 இன்ச் பேரலுக்கு 4 இன்ச் ஷ்ரௌட்தான். ஆனால் ஷ்ரௌட்டின் வடிவம் எதுவாகவும் இருக்கலாம், சாதாரணம், துளை ரிப், கனமானது, துளை ரிப்போடு கனமானது, நான்கும் ஒரே பேரலில் ஏறும்.

நட்டில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆரம்பகால மாடல் 12 போன்றவற்றில் நட் வெளியே தெரியும்படி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், உங்கள் 15-2இல் அது ஷ்ரௌட்டுக்குள் அடங்கி உட்காரும். இரண்டையும் கலக்க முயலவே வேண்டாம். மூன்று பேரிடம் மூன்று துண்டு வாங்குவதை விட, ஒரே ஆளிடம் மூன்றும் சேர்ந்த செட்டாக வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் பரவாயில்லை. இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

.44 என்பது பெரிய ஃபிரேம், அதன் பேரலும் வேறு. விலையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

சாவி தனியாகவே விற்கிறார்கள். பிளையர் வைத்து நட்டைத் திருகினால் முன்வாயின் விளிம்பு சிதையும், அங்கே கீறல் விழுந்தால் துல்லியமே போய்விடும். பல வருடம் திறக்காத நட் என்றால் கரி கட்டியிருக்கும், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள்.

கேஜுக்கு அலைய வேண்டாம், வண்டி உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு, போதும். .357க்கு 0.006 இன்ச் தகடு. ரிவால்வர் காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். தகட்டைச் சிலிண்டர் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவே வைத்து, பேரலை அது லேசாக உரசும்வரை கையால் திருகுங்கள், ஷ்ரௌட்டை ஃபிரேமின் முன்பக்கம் துருத்தியிருக்கும் சின்ன இரும்புப் பின்னில் (pin) பொருத்தி நட்டை முடுக்குங்கள். முடுக்கியபின் திரும்ப அளந்து பாருங்கள், சில சமயம் பேரல் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆறு அறைகளையும் சுற்றி அளக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சூட்டிலும் கரியிலும் சிலிண்டர் சிக்கும், அதிகமானால் பக்கவாட்டில் ஈயத் துணுக்கும் புகையும் தெறிக்கும். ரேஞ்சில் பக்கத்து லேனில் நிற்கிறவருக்கு இது ஆபத்து, அலட்சியமாக விடக்கூடாது.

கரோலினா அன்பு

முருகேசன் அண்ணன் பேரல் பக்கத்தை முழுசாகச் சொல்லிவிட்டார், நான் கைப்பிடிக்கு வருகிறேன். மரவேலை என் பொழுதுபோக்கு, இந்த ரிவால்வரின் கைப்பிடிக்காகவே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

கோல்ட், ஸ்மித் ரிவால்வர்களில் கைப்பிடியின் வடிவத்தை இரும்பு ஃபிரேமே தீர்மானித்துவிடும், இரண்டு பக்கமும் மரத்தகடு வைத்து ஸ்க்ரூ போடுகிறோம், அவ்வளவுதான். இதில் அப்படி இல்லை. ஃபிரேமின் பின்னால் ஒரு சின்ன முளை மட்டும் கீழே இறங்கும், சுத்தியலை இயக்கும் மெயின் ஸ்பிரிங் அதற்குள் இருக்கிறது. கைப்பிடி ஒரே மரக்கட்டை, அதைக் குடைந்து முளைமேல் சொருகி அடியிலிருந்து ஒரே நீள ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். ஆகவே வெளிவடிவம் முழுக்க உங்கள் விருப்பம். கை சின்னதா பெரியதா, விரல் நீளமா, எப்படி வேண்டுமானாலும் செதுக்கிக்கொள்ளலாம். நிறுவனமே அந்தக் காலத்தில் உள்ளே மட்டும் குடைந்து, வெளியே செதுக்காத கட்டையை விற்றது, வாங்குகிறவர் தன் கைக்கு ஏற்றபடி வடித்துக்கொள்ளட்டும் என்று. வேறு எந்த ரிவால்வர்காரரும் இப்படி யோசித்ததாக நான் பார்க்கவில்லை.

.44 கைப்பிடி வேண்டாம். சின்ன ஃபிரேமுக்கும் பெரிய ஃபிரேமுக்கும் தனித்தனிதான். ரப்பர் போதும் என்றால் ஹோக், பாக்மயர் இரண்டு பெயரையும் தேடுங்கள், டான் வெஸ்ஸனுக்கு என்றே செய்திருக்கிறார்கள், "சின்ன ஃபிரேம்" என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். சுடுவதற்கு ரப்பர் நல்லதுதான், ஆனால் அழகான நீலக்கருப்பு இரும்பின் கீழே கருப்பு ரப்பரைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

உங்கள் கைப்பிடியில் விரிசல் விட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: மரத்தின் மேல் ஓரம் ஃபிரேமோடு சீராக ஒட்டாமல் ஒரே புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். சுடும்போது வரும் அடி முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழும், மரம் அங்கே பிளக்கும். சிலர் ஆடுகிறதே என்று ஸ்க்ரூவை மேலும் மேலும் முடுக்குவார்கள், அது விரிசலை இன்னும் பெரிதாக்கும். மேலே பூசிய பசை நிற்காது. முழுவதும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, எபாக்சியை விரிசலுக்குள் இறக்கி, கிளாம்ப் போட்டு ஒருநாள் விடுங்கள். பிறகு ஃபிரேமில் மெழுகு தடவி, மரத்தின் உள்பக்கம் மெல்லியதாக எபாக்சி பூசி மாட்டி எடுத்தால் அச்சுப்போல ஒட்டி உட்காரும். அசல் வால்நட் கைப்பிடி இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புதிதாகச் செய்வதென்றால் முதலில் ஸ்க்ரூ துளை, அதன்பிறகுதான் முளைக்கான குழி, கடைசியில்தான் வெளிவடிவம். வெளியே முதலில் செதுக்கிவிட்டு துளை கோணலாகப் போனால் மொத்த உழைப்பும் வீண். மேல் ஓரத்தை ஃபிரேமை விட ஒரு மயிரிழை தடிமனாக விட்டு, மாட்டியபின் தேய்த்துச் சரிசெய்யுங்கள், ப்ளூயிங்கில், அதாவது இரும்பின் நீலக்கருப்பு மேற்பூச்சில், உப்புத்தாள் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஓஹாயோ செந்தில்

இருவருக்கும் மிக்க நன்றி. கைப்பிடியை அன்பு சொன்னபடியே பழுது பார்க்கப் போகிறேன்.

ஒருவர் 4 இன்ச் பேரல், கனமான துளை ரிப் ஷ்ரௌட், நட் மூன்றும் சேர்த்து விற்கிறார். படம் பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது. வாங்கலாமா? வேறு எங்கே தேடலாம்?

பென்சில்வேனியா ராஜா

படம் பக்கவாட்டில் மட்டும் என்றால் பணம் அனுப்பாதீர்கள். மூன்று படம் கேளுங்கள்: முன்வாய் நேராக, பின்பக்கத் திருகுமரை கிட்டத்தில், ஷ்ரௌட்டின் பின்முகத்தில் ஃபிரேமின் இரும்புப் பின் நுழையும் துளை. கூடவே எந்த மாடலிலிருந்து கழற்றியது என்று எழுத்தில் வாங்குங்கள். போன வருடம் எனக்கு ஒரு விற்பனையாளர் 15-2 என்று சொல்லி ஆரம்பகால மாடலின் ஷ்ரௌட்டை அனுப்பிவிட்டார், திருப்பி அனுப்பப் பெரிய இழுபறி. எழுத்தில் இருந்ததால்தான் பணம் திரும்பியது.

தேடும் இடங்கள். சின்னப் பாகங்களுக்கு, அதாவது ஸ்க்ரூ, பின், ஸ்பிரிங் போன்றவற்றுக்கு, நியூயார்க் மாநிலத்து நம்ரிச்சைப் பாருங்கள், பழைய ரிவால்வர்களைப் பிரித்துப் பாகமாக விற்பதே அவர்கள் தொழில், சரக்கு வந்து வந்து போகும், ஒருமுறை இல்லை என்று விட்டுவிடக்கூடாது. ஸ்பிரிங் மட்டும் என்றால் வுல்ஃப் என்ற நிறுவனம். நார்விச் தொழிற்சாலைக்கே சீரியல் எண்ணோடு எழுதிக் கேட்கலாம், பழைய மான்சன் ரிவால்வருக்கு எல்லாம் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் எது பொருந்தும் என்று அவர்கள் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

பேரல் செட்டுக்கு ஏலத் தளம்தான் பெரிய சந்தை. அங்கே வெஸ்ஸன் என்ற பெயரில் ஒரு எஸ்ஸை விட்டுவிட்டுத் தேடிப் பாருங்கள், எழுத்துப்பிழையோடு போட்ட பொருளுக்குப் போட்டி குறைவு, நல்ல விலையில் அமையும். நேரில் போக முடிந்தால் ஓக்லஹோமா டல்சாவில் நடக்கும் பெரிய துப்பாக்கிச் சந்தை, பழைய பாகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொட்டி வைத்திருப்பார்கள், உங்கள் 6 இன்ச் பேரலின் நட்டைக் கையோடு எடுத்துப்போனால் அங்கேயே திருகிப் பார்த்து வாங்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பிஸ்டல் பேக் என்று அவர்கள் ஒரு பெட்டி விற்றார்கள், 2.5, 4, 6, 8 இன்ச் பேரல்கள், சாவி, கேஜ், கூடுதல் கைப்பிடி எல்லாம் உள்ளே. முழுப் பெட்டிக்கு இப்போது சேகரிப்பாளர்கள் பெரிய விலை சொல்கிறார்கள். ஆனால் பெட்டி உடைந்து, ஒன்றிரண்டு பேரல் காணாமல் போனவற்றை யாரும் சீண்டுவதில்லை. சுடுவதற்காக வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் சரியான பொருள்.

டெக்ஸாஸ் முருகேசன்

ராஜா சொன்னதோடு இரண்டு விஷயம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஃபிரேம்தான் துப்பாக்கி, பேரலும் கைப்பிடியும் தபாலில் வீட்டுக்கே வரும், டீலர் வழியாகப் போகத் தேவையில்லை. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், உங்கள் மாநிலத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பேரலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகும் எண்ணம் மட்டும் யாருக்கும் வரவே கூடாது, இங்கிருந்து வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும்.

அப்புறம் 4 இன்ச் மாட்டியதும் குண்டு விழும் இடம் மாறும். 15-2இல் குறிபார்க்கும் பின் சைட்டைத் திருகிச் சரிசெய்யலாம், முன் சைட்டின் தகட்டையும் மாற்றலாம், அதனால் பயம் இல்லை. 6 இன்ச்சுக்குப் பின் சைட் எத்தனை கிளிக்கில் நின்றது, 4 இன்ச்சுக்கு எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் பேரல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் தோட்டா வீணாகும். அந்த மூன்று படமும் வந்ததும் இங்கே போடுங்கள், மரையைப் பார்த்துச் சொல்கிறேன்.