மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணி: மின்னணுவியல் பட்டயம் மட்டும் போதுமா?

புதுத்தடம்:
வணக்கம். மின்னணுவியலில் பட்டயம் முடித்து, நான்கு ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் இன்வெர்ட்டர்களையும் பழுதுபார்த்து வருகிறேன். போர்டில் பழுதான உறுப்பைக் கண்டுபிடித்து மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணிக்கு மாற விரும்புகிறேன். ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பே போதும் என்று சிலரும், பயோமெடிக்கல் பொறியியலில் பட்டம் பெற்றே ஆக வேண்டும் என்று சிலரும் கூறுகிறார்கள். நான் கூடுதலாக எதைக் கற்க வேண்டும் என்று துறையில் இருப்பவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய மல்டிமீட்டர்:
உங்கள் சாலிடரிங் அனுபவம் வீண்போகாது. ஆனால் தொலைக்காட்சியில் படம் வந்துவிட்டால் வேலை முடிந்தது; இங்கே கருவி ஓடத் தொடங்கிய பிறகும் பாதி வேலை மிச்சமிருக்கும். நோயாளியின் இரத்த நாளத்துக்குள் மருந்தைச் சீராகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் ஒன்றைச் சரிசெய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சுழல்கிறது, அலாரம் ஒலிக்கவில்லை என்பதோடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. மணிக்கு 50 மில்லி என்று அமைத்தால் உண்மையில் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று அளந்து, தயாரிப்பாளர் அனுமதித்த பிழை வரம்புக்குள் அது இருப்பதை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது கசிவு மின்னோட்டம். இதயத்தோடு நேரடியாக இணையும் சிஎஃப் வகைப் பகுதிகளில், இயல்பு நிலையில் நோயாளியின் உடலுக்குள் கசியும் மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்கிறது மருத்துவ மின்கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 60601-1. நோயாளியின் உடலோடு இணைந்தாலும் இதயத்தோடு நேரடியாக இணையாத பிஎஃப் வகைக்கு அந்த வரம்பு 100 மைக்ரோ ஆம்பியர். இதைச் சாதாரண மல்டிமீட்டரால் நம்பகமாக அளக்க முடியாது (என் புனைபெயர் அதைப் பரிந்துரைப்பதாக எண்ணிவிட வேண்டாம்). இத்தகைய கசிவை அளக்கும் மின்பாதுகாப்புப் பகுப்பாய்வியைக் கையாளவும், பழுதுபார்த்த பின் செய்ய வேண்டிய சோதனைகளுக்கான ஐஇசி 62353-ஐப் படித்துப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொள்ளுங்கள். உடலியலை வேலையோடு வேலையாகத் தெரிந்துகொள்ளலாம்.

நாடித்துடிப்பு:
கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. பயிற்சிக் காலத்தில், அளவு காட்டவில்லை என்று வந்த ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு இரண்டு முறை சென்சாரை மாற்றினேன். பழுது கருவியில் இல்லை, நோயாளியின் விரல்கள் சில்லிட்டிருந்தன. அக்கருவி ஏறத்தாழ 660, 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரு ஒளிகளை விரலுக்குள் செலுத்தி, துடிப்புக்கேற்ப மாறும் ஒளி உறிஞ்சலைக் கொண்டே ஆக்ஸிஜன் அளவைக் கணக்கிடுகிறது. விரலில் இரத்த ஓட்டம் குறைந்தால் அதற்குக் கணக்கிட ஒன்றுமில்லை. இதை முன்பே படித்திருந்தால் செவிலியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு முடித்திருப்பேன். கருவி எதை அளக்கிறது என்று தெரியாதவருக்கு, அது தவறாக அளப்பதும் தெரியாது.

கருவியைத் திறப்பதற்கு முன் கிருமிநீக்கம் செய்யும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளியின் சளி, இரத்தம் போன்றவற்றை வெளியே இழுக்கும் உறிஞ்சு கருவிக்குள் இருப்பது வெறும் தூசி அல்ல.

புதுத்தடம்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் படிப்பை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பழைய மல்டிமீட்டர்:
உடலியல் குறித்து அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். படிப்பின் கால அளவைவிட, ஆய்வகத்தில் பகுப்பாய்விகளும் நோயாளியின் இதயத்துடிப்பு போன்றவற்றைப் போலியாக உருவாக்கித் தரும் நோயாளி சிமுலேட்டர்களும் உள்ளனவா, மருத்துவமனை ஒன்றில் சில மாதங்களாவது பயிற்சி கிடைக்குமா என்று விசாரியுங்கள். வென்டிலேட்டர், மயக்கமருந்துக் கருவி, டயாலிசிஸ் கருவி ஆகியவற்றை எந்தப் பொதுப் படிப்பும் முழுமையாகக் கற்பிக்காது. தயாரிப்பு நிறுவனங்கள் மாடல் வாரியாக நடத்தும் பயிற்சியில்தான் அவை பிடிபடும், பலவற்றின் சர்வீஸ் மெனுவுக்கான கடவுச்சொல்லும் பயிற்சி பெற்றவருக்கே தரப்படும். எனவே இரத்த அழுத்தமானி, நெபுலைசர், சென்ட்ரிஃபியூஜ் போன்றவற்றில் தொடங்குங்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை மட்டும் தனியாக இருக்கும்போது திறக்காதீர்கள்: இன்வெர்ட்டரில் நீங்கள் பார்த்த கெப்பாசிட்டர்களைப் போலன்றி, அதிலுள்ளது ஆயிரக்கணக்கான வோல்ட்டில் மின்னேற்றம் பெறுவது; மின்சாரத்தைத் துண்டித்த பின்னும், முறைப்படி வெளியேற்றும் வரை அதில் மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும்.