கீமோ முடிந்தும் விரல்கள் மரத்தே இருக்கின்றன. மாதாமாதம் சிஏ-125 பார்க்க வேண்டுமா?

கும்பகோணத்துத் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. வயிற்றில் நீர் கோத்து, பாவாடை நாடா எட்டாமல் போன பிறகுதான் தெரிய வந்தது. முதலில் கீமோ, நடுவில் அறுவைச் சிகிச்சை, மறுபடியும் கீமோ. கார்போபிளாட்டினும் பக்லிடாக்செலும். ஐப்பசியோடு முடிந்தது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது, முடியும் வளர்ந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் "பழைய ஆளாகிவிட்டீர்களே" என்கிறார்கள்.

நான் பழைய ஆள் இல்லை. ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். இப்போது ஹூக் வைக்க உட்கார்ந்தால், விரல் நுனியில் ஊசி இருக்கிறதா என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. ஒருநாள் வெள்ளை லைனிங் துணியில் சிவப்புப் புள்ளிகள். ஊசி குத்தியதே தெரியவில்லை. கால் மிதிகட்டையை எவ்வளவு அழுத்துகிறது என்றும் புரிவதில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் நடந்துகொண்டே இருக்கிறேன். மருத்துவரிடம் சொன்னேன். "உயிர் பிழைத்தீர்களே, அதைப் பாருங்கள்" என்று முடித்துவிட்டார். எனக்குச் சோறு போடுவது இந்தக் கைதான். இதை எப்படிச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வது?

அடுத்தது சிஏ-125, இந்த நோய் திரும்புகிறதா என்று பார்க்கச் செய்யும் ரத்தப் பரிசோதனை. மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். என் மகன் மாதாமாதம் வெளியிலும் பார்க்க வேண்டும் என்கிறான். 35-க்குள் இருந்தால் போதும் என்று தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் 14 இருந்தது 19 ஆனதற்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இன்னொன்றைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சினைப்பைகளை எடுத்ததிலிருந்து உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. கணவரோடு சேர்வது வலிக்கிறது. நேரில் யாரிடமும் கேட்க முடியவில்லை.

மதுரை அக்கா:

தங்கை, எனக்கும் இதே நோய், இதே மருந்துகள். கை மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் பக்லிடாக்செல்தான் காரணம். நீளமான நரம்புகளை அது முதலில் தாக்கும். அதனால்தான் பாதமும் விரல் நுனியும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். எனக்குக் கை முக்கால்வாசி திரும்பியது, கால் இன்னும் இல்லை.

அடுத்த முறை "மரத்துப்போகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஊசி பிடிக்க முடியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை, எரிச்சல் இருக்கிறது அல்லது இல்லை" என்று வேலையை வைத்துச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரையும் வைட்டமின் பி12-உம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சர்க்கரை கூடினாலும் பி12 குறைந்தாலும் மரப்பு கூடும். வலியும் எரிச்சலும் இருந்தால் டுலாக்செட்டின் என்ற மாத்திரையைப் பற்றிக் கேட்கலாம். வெறும் மரப்புக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. வெந்நீரை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

சிஏ-125 பற்றி மகனிடம் இதைச் சொல்லுங்கள். 2010-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு. கீமோ முடிந்து நோய் அடங்கியிருந்தவர்களில் சிஏ-125 ஏறிய 529 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு எண் ஏறியவுடனே கீமோ, மற்றப் பிரிவுக்குத் தொந்தரவு தெரிந்த பிறகு. முதல் பிரிவினர் ஏறக்குறைய 5 மாதம் முன்னதாகவே மறுபடி கீமோவுக்குப் போனார்கள். ஆயுள் கூடவில்லை, வாழ்க்கைத் தரம்தான் சீக்கிரம் குறைந்தது. அதற்குப் பிறகு புதிய மருந்துகள் வந்திருக்கின்றன, ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் 14-க்கும் 19-க்கும் நடுவே பட்டினி கிடக்க ஒரு காரணமும் இல்லை. வயிறு ஊதுவது, நாலு வாய் உண்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, மலச்சிக்கல் இவை விடாமல் இருந்தால் மட்டும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் போய்விடுங்கள்.

புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்:

அம்மா, நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதை வார்டில் அநேகமாக யாரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அது எனக்கு நெடுநாள் வருத்தம். சினைப்பைகள் இரண்டும் போனால் மாதவிடாய் ஒரேநாளில் நின்றுபோகும். இயல்பாக நிற்பவர்களைவிடக் கொதிப்பும் பிறப்புறுப்பு வறட்சியும் கடுமையாக இருக்கும். வறட்சிக்கு நீர் சார்ந்த ஜெல் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும், வாசனை சேர்த்ததை வாங்காதீர்கள். ஹார்மோன் மருந்து எல்லோருக்கும் விலக்கு இல்லை; உங்கள் கட்டி எந்த வகை என்பதைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார். வலிதணிப்புப் பிரிவு இருந்தால் அங்கே போங்கள். கடைசிக் காலத்துக்கு மட்டுமானது என்று பயப்பட வேண்டாம். வலி, தூக்கம், களைப்பு எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்பார்கள்.

இந்த நோய் பரம்பரையாக வந்ததா என்று காட்டும் பிஆர்சிஏ மரபணுச் சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். உங்களுக்குப் பெண் பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ இருந்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

கும்பகோணத்துத் தையல்காரி:

அக்கா, மகனை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். வெளியில் பார்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைத் தேதிக்கே போகலாம் என்று ஒப்புக்கொண்டான். செவிலியர் அம்மா, மரபணுச் சோதனை பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், கட்டாயம் கேட்கிறேன். இப்போதைக்குக் கட்டிங்கும் நேர்த்தையலும் நான், ஹூக்கும் காஜாவும் பக்கத்து வீட்டுப் பெண் என்று பிரித்துக்கொண்டோம். கூலியில் பங்கு போகிறது, ஆனாலும் தீபாவளி ஆர்டர் எடுக்கப்போகிறேன். காலுக்கு எந்த மாதிரிச் செருப்பு போடுகிறீர்கள் அக்கா?

மதுரை அக்கா:

குதிகாலுக்குப் பின்னால் பட்டை வைத்தது, அடி தட்டையாக இருக்க வேண்டும். கட்டைவிரல் வளையம் வைத்தது வேண்டாம், உரசிப் புண்ணானாலும் தெரியாது. வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள், தையல் அறையில் குண்டூசி கிடக்கும்.