‘எண்டியூரன்ஸ்’: தாங்குதிறனா, உழைதிறனா?

அனைவருக்கும் வணக்கம்.

சர்வர்களுக்கு எஸ்எஸ்டி (ஃபிளாஷ் நினைவகத்தில் தரவைச் சேமிக்கும் சாதனம்) தேர்ந்தெடுப்பது பற்றிய கையேட்டைத் தமிழாக்கும்போது ‘எண்டியூரன்ஸ்’ என்ற சொல்லில் முட்டி நிற்கிறோம். தேய்ந்துபோகும் முன் ஓர் எஸ்எஸ்டியில் மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்பதைக் குறிக்கும் சொல் அது. தாங்குதிறன், ஆயுள் என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. (எஸ்எஸ்டியை எஸ்எஸ்டி என்றே எழுதுவோம். அந்தப் பேச்சை இந்த இழையில் எடுக்க வேண்டாம்.)

> தாங்குதிறன் ஏற்கெனவே புழங்குகிற சொல். யாருக்கும் புரியும். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, புரிகிற விதம்தான் சிக்கல். பாலம் இத்தனை டன் தாங்கும் என்கிறோம். அது ஒரே நேரத்தில் ஏறும் சுமை. ‘தாங்குதிறன் மிக்க எஸ்எஸ்டி’ என்று படிப்பவர், ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் வந்தாலும் திணறாது என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே பேச்சு அதைப் பற்றியதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் லாக் (நிகழ்வுப் பதிவு) சர்வருக்கு, வீட்டுக் கணினிக்கென்று விற்கும் 1 டெராபைட் எஸ்எஸ்டியைப் போட்டோம். 600 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம். அந்த எண்ணை அன்று யாரும் பார்க்கவில்லை, வேகத்தைத்தான் பார்த்தோம். லாக் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 டெராபைட் எழுதியது. 300 நாளில் கணக்கு முடிந்தது. அந்த 300 நாளில் ஒருமுறைகூட அது சுமையில் திணறியதில்லை. நன்றாகத் தாங்கியது, உழைக்கவில்லை.

என் பரிந்துரையும் அந்தச் சொல்தான்: உழைதிறன். ‘இந்தச் செருப்பு மூணு வருஷம் உழைச்சுது’, ‘இந்தத் துணி நல்லா உழைக்கும்’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதே உழைப்பு. அலமாரியில் கிடக்கும் செருப்பை யாரும் உழைத்தது என்பதில்லை. போட்டு நடந்து தேய்ந்தால்தான் உழைப்பு.

ஃபிளாஷ் நினைவகமும் அச்சாக இப்படித்தான் தேய்கிறது. அதில் எழுதுவது சிறுசிறு பக்கங்களாக, அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதிகளாக. எழுதும்போதும் அழிக்கும்போதும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் வழியே எலக்ட்ரான்களை உந்தித் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் சில எலக்ட்ரான்கள் படலத்திலேயே சிக்கிக்கொள்ளும், படலம் கொஞ்சம் கொஞ்சமாக நலியும். கலத்துக்கு (எலக்ட்ரான்கள் தங்கும் நுண்ணறைக்கு) ஒரு பிட் வைத்த காலத்தில் ஏறக்குறைய 1,00,000 முறை எழுதி அழிக்க முடிந்தது. மூன்று பிட் வைக்கும் இன்றைய வகைகளில் அது சில ஆயிரங்களாகக் குறைந்துவிட்டது. படித்தால் பெரிதாகத் தேயாது, எழுதினால்தான் தேயும். நிற்பதற்கும் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

> ‘ஆயுள்’ என்றே வைத்துவிடலாமே? கடைக்காரருக்கும் புரியும்.

அம்மா, ஆயுள் முடிந்தால் சாவு. எழுதல் வரம்பு முடிந்த எஸ்எஸ்டி அன்றே சாவதில்லை. என்விஎம்இ (சர்வரோடு பேசும் ஒரு நெறிமுறை) எஸ்எஸ்டிகளில் ‘பயன்படுத்திய விழுக்காடு’ என்றொரு அளவீடு இருக்கிறது. அது 100-ஐத் தாண்டி 255 வரைகூடப் போகலாம் என்று விதியிலேயே இடம் உண்டு. வரம்பு எதைக் குறிக்கிறது என்பதை மின்னணுப் பாகங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் ஜேஇஎஸ்டி218 தரம் சொல்கிறது. அவ்வளவும் எழுதித் தேய்ந்த பிறகும், சர்வர் வகை எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 40 டிகிரி செல்சியஸில் 3 மாதம் தரவை வைத்திருக்க வேண்டும். வீட்டு வகைக்கு 30 டிகிரியில் 1 ஆண்டு. அதாவது, இத்தனை உழைத்த பிறகும் பிடித்ததை விடாது என்ற உறுதி. இந்த இரண்டாவது குணத்துக்குத் ‘தக்கவைப்பு’ பொருந்தும். ஆயுள் என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். நிறைய எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டியில் பேக்கப் எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு வைப்பவரை எச்சரிக்கத் தனித்தனிச் சொல் வேண்டும்.

இலக்கணக் குறிப்பு ஒன்று: இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘உழைத்திறன்’ என்று எழுதிவிட வேண்டாம்.

அடுத்து, ‘டிடபிள்யூபிடி’ (டிரைவ் ரைட்ஸ் பெர் டே). கையேட்டில் அதிகம் வரும் அளவு இதுதான். உத்தரவாதக் காலம் முழுக்க, எஸ்எஸ்டியின் முழுக் கொள்ளளவையும் நாளுக்கு எத்தனை முறை எழுதலாம் என்பது. ‘நாள்நிரப்பு’ என்று வைக்கலாமா? குடத்தைத் தினம் எத்தனை தடவை நிரப்பிக் கவிழ்க்கலாம் என்ற கணக்கு. கொள்ளளவு, நாள்நிரப்பு, 365, ஆண்டுகள் நான்கையும் பெருக்கினால் மொத்த எழுதல் வரம்பு வரும். ஐந்தாண்டு உத்தரவாதத்தில் 3.84 டெராபைட், நாள்நிரப்பு 1 என்றால் 7,008 டெராபைட். 3.2 டெராபைட், நாள்நிரப்பு 3 என்றால் 17,520 டெராபைட்.

இந்த இரண்டு கொள்ளளவும் அடுத்தடுத்து விற்கப்படுவது தற்செயல் அல்ல. மைக்ரான் நிறுவனத்தின் 7450 எஸ்எஸ்டி வரிசையில் புரோ, மேக்ஸ் என்று பிரிப்பது இப்படித்தான். நமக்குக் காட்டும் இடத்தைக் குறைத்து மீதியை உள்ளுக்குள் வைத்துக்கொள்வதுதான் முக்கிய வேறுபாடு. அதை ‘ஒதுக்கிடம்’ என்கிறேன். ஒதுக்கிடம் கூடினால், தொகுதியை அழிக்கும் முன் அதில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்து எழுதும் வேலை குறையும். இப்படிப் பெயர்ப்பதால், நாம் 1 டெராபைட் எழுதச் சொன்னால் உள்ளே 3 டெராபைட் எழுதப்படுகிறதே, அதற்கு ‘எழுதுபெருக்கம்’ என்பது என் சொல். ‘எழுத்துப் பெருக்கம்’ என்றால் இலக்கிய வளர்ச்சி போல் ஒலிக்கிறது. இன்னொன்று: உற்பத்தியாளர் தரும் வரம்பு, சர்வர் அனுப்பும் எழுதலின் அளவு. எழுதுபெருக்கம் அந்தக் கணக்கிலேயே அடங்கிவிட்டது. வாங்குபவர் மறுபடி அதைப் பெருக்கி, தேவைக்கு மேல் செலவழிக்கக் கூடாது.

—

மறுமொழி:

வணக்கம் அண்ணா. விளக்கம் நன்று. ஆனால் யாழ்ப்பாணத்தில் உழைப்பு என்றால் சம்பாத்தியம். ‘அவருக்கு நல்ல உழைப்பு’ என்றால் காசு வருகுது என்று அர்த்தம். உழைதிறன் என்று கண்டால் எங்கட ஆக்கள் அதிக வருமானம் தாற எஸ்எஸ்டி என்று நினைக்கமாட்டினமோ? நாள்நிரப்பு அருமை, அதை மாத்த வேண்டாம்.

—

மறுமொழி:

தம்பி, நீங்கள் சொல்வது சரி, இதை நான் யோசிக்கவில்லை. செயல்திறனோடு குழம்புமோ என்று மட்டுமே பார்த்தேன். கையேடு இரு பக்கமும் போக வேண்டியது. அதனால் தனியாக உழைதிறன் என்று எழுதாமல், எங்கும் ‘எழுதல் உழைதிறன்’ என்றே முழுதாக எழுதலாம். எழுதல் முன்னால் நின்றால் வருமானம் என்று யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“தரவுத்தளப் பதிவுகள் ஓயாமல் எழுதப்படும் சர்வருக்கு, முதலில் ஒரு வாரம் எழுதலை அளந்து பாருங்கள். நாளுக்கு 6 டெராபைட் வருகிறது என்றால், 3.2 டெராபைட் எஸ்எஸ்டியில் அது நாள்நிரப்பு 2-ஐ நெருங்கும். எழுதல் உழைதிறன் நாள்நிரப்பு 3 உள்ளதை வாங்குங்கள்.”

உங்கள் ஊரில் சர்வர் பராமரிக்கும் இரண்டு பேரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டி, எங்கே நின்று யோசித்தார்கள் என்று எழுதுங்கள். நானும் இங்கே இரண்டு பேரிடம் காட்டுகிறேன். மின்சாரம் திடீரென்று போனால் எழுதிக்கொண்டிருந்ததைக் காக்கும் மின்தேக்கிகளுக்கு ‘மின்னிழப்புக் காப்பு’ என்று வைத்திருக்கிறேன். அதற்கு மறுப்பு இருந்தால் தனி இழையில் வாருங்கள்.