போயிருச்சா? சிக்னல் இல்லாத ஊர்களில் செய்தி கொண்டுபோன அனுபவங்கள்

தட்டோன் தம்பி

லைன் கார் (ஊருக்கும் டவுனுக்கும் ஆள் ஏற்றிப் போகும் வண்டி) கூரையில் செய்தி சுமக்கும் பெட்டி கட்டி ஓட்டுவது இங்கே பலருக்கும் தெரிந்ததுதான், அதனால் விவரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் தட்டோன் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சிக்னல் எட்டாத சில ஊர்கள். கோயில் மண்டபத்தில் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர்), டவுனில் ஒரு கடையில் இன்னொன்று, நடுவில் ஓடும் லைன் காரில் மூன்றாவது. மண்டபத்து வைஃபையில் எழுதியோ பேசியோ போட்டால் பெட்டி அதை வைத்துக்கொள்ளும். சாயங்காலம் கார் வந்து நிற்கும் சில நிமிஷத்தில் காருக்கு மாறும். மறுநாள் டவுனில் இறங்கி நெட்டில் போகும். பதிலும் அதே வழிதான். கம்போடியாவின் ரத்தனகிரியில் 2003லேயே ஹோண்டா மோட்டார் சைக்கிளில் வைஃபை பெட்டி வைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மெயில் கொண்டுபோனார்கள். கர்நாடகாவில் தொட்டபள்ளாப்பூர் பக்கம் பஸ்ஸில் செய்தார்கள். அந்த வழியில்தான் நாங்களும்.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒரு ஆயா. மகன் மலேசியாவில் வேலை. ஆயா குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். அடுத்த நாளிலிருந்து கார் வரும் நேரத்துக்குச் சரியாக வந்து, பின்படியைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் கேட்பார்: "போயிருச்சா தம்பி?" பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? முதலில் "தெரியலை ஆயா" என்றார். அப்புறம் ஒரு நாள், "போயிருச்சு ஆயா, போயிருச்சு" என்றார். அன்று நான் அந்தக் காரில்தான் உட்கார்ந்திருந்தேன், கையில் போன், போனில் பெட்டியின் லாக் (என்ன எங்கே இருக்கிறது என்ற பதிவு). டவுனில் கரண்ட் இல்லாமல் கடைப் பெட்டி அணைந்து கிடந்தது. ஆயாவின் பண்டில் (செய்திப் பொட்டலம்) என் தலைக்கு மேலே, அதே கூரையில் இருந்தது. ஆயா டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படித் தொடர்பு கிடைக்கும்வரை செய்தியை வைத்திருந்து கடத்தும் முறைக்கு டிடிஎன் என்று பெயர். சேர்ந்ததற்கு அறிக்கை கேட்க அதில் வழி உண்டு. ஆனால் அந்த அறிக்கையும் ஒரு பண்டில், அதே காரில்தான் ஏறி வரவேண்டும். அதன் பழைய விதித் தொகுப்பான ஆர்எஃப்சி 5050இல், வாங்கிக்கொண்ட கணு (வழியில் இருக்கும் பெட்டி) "இனி இது என் பொறுப்பு" என்று ஏற்கும் கஸ்டடி முறை இருந்தது. 2022இல் வந்த புதிய தொகுப்பான ஆர்எஃப்சி 9171இல் அது மைய விதிகளில் இல்லை. இயந்திரங்களுக்குள் பொறுப்பு கைமாறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு என்ன காட்டுவது?

மோல்மேன் அக்கா

தம்பி, டிரைவரைக் குறை சொல்லாதே. அன்று ராத்திரி அந்த ஆயாவைத் தூங்கவைத்தது அவர் சொன்ன வார்த்தைதான்.

எங்கள் தலைமுறைக்கு இது பழகிய விஷயம். 2014க்கு முன்னால் ஒரு சிம் வாங்கப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் 1500 கியாட்டுக்கு சிம் வந்த பிறகும், ஆப், பாட்டு, படம் எல்லாம் போன் கடையில் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டதுதானே? பையன்கள் ஸாப்யா ஆப்பில், நெட் இல்லாமலே, போனுக்குப் போன் மாற்றிக்கொண்டதும் அப்படித்தான். பெட்டி இல்லாத டிடிஎன் என்று வைத்துக்கொள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின், 2021 மார்ச் 15க்குப் பிறகு மொபைல் டேட்டா நின்றது. ஏப்ரல் 2இல் வயர்லெஸ் பிராட்பேண்டும் போயிற்று. என் தங்கை மகள் முடோனைத் தாண்டி ஒரு ஊரில். அவளுக்கு ரங்கூனிலிருந்து ஒரு ஆசிரியை பாட வீடியோக்களை ஹார்ட் டிஸ்கில் போட்டு அனுப்புவார், எங்கள் தெருப் போன் கடைக்கு அது பஸ்ஸில் வரும், அங்கே பிரித்து மெமரி கார்டில் ஏற்றி ஊர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் கடையில் கேட்டேன், அவள் கார்டு போய்ச் சேர்ந்ததா என்று. கடைப் பையன் வாய் திறக்கவில்லை. நீளமான கணக்கு நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தான். பெயர், எந்தப் பாடம், யார் கையில் கொடுத்தது, எந்தத் தேதி. திரும்பி வந்த கார்டுகளுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. எங்கள் பெண்ணின் பெயர் மேல் கோடு இல்லை. பக்கத்தில் பென்சிலில் "ஆறு பெருகியிருக்கு" என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபமே வரவில்லை. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, இரண்டும் தெரிந்துவிட்டது. நீ ஆயாவுக்குக் காட்டவேண்டியது அதுதான். "காரில் இருக்கு, டவுனில் கரண்ட் இல்லை" என்று அந்த டிரைவர் சொல்லும்படி, கார் முன்னால் ஒரு சின்னத் திரையில் எழுதிக் காட்டு.

பெகு ரிப்பேர்

அக்கா சொல்வது மனசுக்குச் சரி. ஆனால் தம்பி, முதலில் கடிகாரத்தைப் பார்.

என் கதை சின்னது. பெகுவுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்துப் பெட்டியைச் சரி பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் மேல்படிப்பு உதவித்தொகைக்கு எழுதிய விண்ணப்பம் முந்தின நாள் சாயங்காலம் கிளம்பியது. டவுன் பெட்டிக்கு ஒழுங்காக வந்தும் சேர்ந்தது. அது வாங்கிய அதே நொடியில் அழித்துவிட்டது. காரணம் என்று லாக்கில் ஒரே வரி: ஆயுள் முடிந்தது. அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டு, "நேத்துத்தானே அண்ணே எழுதினேன்?" என்றாள்.

ராஸ்பெரி பை 4 வரைக்கும் அந்தப் போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய்த் திரும்பினால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ண ஆரம்பிக்கும். நெட் இருந்தால் திருத்திக்கொள்ளும், உங்கள் மண்டபத்தில் நெட் ஏது? நாள்கணக்கில் கரண்ட் இல்லாத நம் ஊரில் பெட்டி பழைய தேதியிலேயே வாழும். பண்டிலில் பழைய தேதி விழும். சரியான நேரம் தெரிந்த டவுன் பெட்டி அதைக் காலாவதி என்று தூக்கிப் போடும். நேரம் முன்னால் ஓடினால் இன்னொரு தொல்லை, அது அனுப்பியவை மற்றப் பெட்டிகளில் வேளைக்குச் சாகாது, கார்டு நிரம்பிவிடும்.

செய்யவேண்டியது: டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை எல்லாப் பெட்டியிலும் மாட்டு. பட்டன் பேட்டரி போதும். 9171 சொல்லும் பண்டில் பதிப்பு 7க்கு மாறு. கடிகாரம் நம்ப முடியாத கணு, படைத்த நேரத்தைப் பூஜ்யம் என்று வைத்து, பண்டிலின் வயதை மட்டும் கூட்டிக்கொண்டே போக அதில் இடம் இருக்கிறது. 5050 எல்லோரிடமும் சரியான கடிகாரம் இருக்கிறது என்று நம்பியது, நம் ஊருக்கு அந்த நம்பிக்கை ஒத்துவராது. அப்புறம் ஆயுளை இரண்டு நாள், மூன்று நாள் என்று வைக்காதே. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் கார் ஓடாத நாட்களைக் கணக்கில் எடு, மழைக்காலத்தில் பாதை அறுந்துபோவதை எடு, அதற்கு மேலும் வை. குரல் பதிவைத் துண்டு போட்டு அனுப்பு, கார் நிற்கும் கொஞ்ச நேரத்தில் முழுசாக ஏறாது. கடைசியாக, ஒரே காரை நம்பாதே. பயணிகள் போனிலும் ஆப் போட்டுவிடு, சந்திக்கிற எல்லோருக்கும் நகல் கொடுக்கிற எபிடெமிக் முறை 2000இலேயே வந்துவிட்டது. எத்தனை பேர் சுமக்கிறார்களோ அத்தனை நல்லது. நகல் பெருகும் என்று பயந்தால் ஸ்ப்ரே அண்ட் வெயிட் மாதிரி எண்ணிக்கைக்கு வரம்பு வை.

51ஆம் தெரு

அண்ணே, "எத்தனை பேர் சுமக்கிறார்களோ அத்தனை நல்லது" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாம் சரி, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

2021 பிப்ரவரியில் பிரிட்ஜ்ஃபை ஆப்பை லட்சக்கணக்கானவர்கள் இறக்கினார்கள். நானும் ஒருத்தி. புளூடூத்தில் போனுக்குப் போன் தாவிச் செய்தி போகும், நெட் வேண்டாம். அதற்கு முந்தின வருஷமே லண்டன் ராயல் ஹாலோவே ஆராய்ச்சியாளர்கள் அதில் யார் யாருடன் பேசுகிறார்கள் என்று வெளியே தெரிகிறது, செய்தியையும் படிக்க முடிகிறது என்று காட்டியிருந்தார்கள். கம்பெனி செய்தியைப் பூட்டும் முறையை (என்கிரிப்ஷனை) மாற்றியது. ஆனால் நான் சொல்ல வந்தது பூட்டைப் பற்றி இல்லை.

அந்த மாதங்களில் பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் போனைச் சோதிக்கும் இடம் ஒன்று இருந்தது. அது வருவதற்குக் கொஞ்ச தூரம் முன்னால் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிடும். எல்லாத் தலையும் குனியும், ஆப்களை அழிப்பார்கள். அன்று எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், வேட்டி, நெற்றியில் விபூதி. பேரன் ஏதோ போட்டுக் கொடுத்திருக்கிறான், அவருக்கு அது என்னவென்றே தெரியாது. போனை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டி, "இதுல என்னம்மா இருக்கு? இருக்கக்கூடாதது ஏதும் இருக்கா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பூட்டின பொட்டலங்களாக இருந்தால் யாருடையது, என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிடிபட்டால் பதில் சொல்லவேண்டியது மட்டும் அவர்.

எபிடெமிக் முறையை எழுதியவர்கள் எண்ணியது பேட்டரியும் நினைவகமும். சுமக்கிறவருக்கு வரும் ஆபத்து அந்தக் கணக்கில் இல்லை. பிரையர் என்ற செய்தி ஆப்பில் தனிச் செய்தி அறிமுகமில்லாதவர் போன் வழியாகத் தாவாது, நெட் இல்லாதபோது இரண்டு பேரும் நேராகச் சந்திக்கும்போதுதான் போகும். எட்டும் தூரம் குறைவு, மெதுவும்தான். நம் நாட்டுக்கு அந்தக் குறையையே நான் தேர்ந்தெடுப்பேன். லைன் காரில் பெட்டி ஒன்று, அதற்குச் சம்மதித்த டிரைவர் ஒருவர் என்றால் சரி. பயணியின் போனில் அவர் கேட்காத சுமையை ஏற்றாதீர்கள்.

பெகு ரிப்பேர்

தங்கச்சி, போனில் நகல் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே கார் என்றால் அந்தக் கார் ரிப்பேரான வாரத்தில் எல்லா ஊரும் ஊமை. இரண்டாவது காரில் பெட்டி வைக்கட்டும். அந்த டிரைவரிடமும் முதலில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டு.

மாண்டலே வாசி

நீங்கள் பேசுவது எல்லாம் சாதாரண நாளைக்கு. 2025 மார்ச் 28 மத்தியானம், 7.7 அளவு நிலநடுக்கம். சகாயினில் என் அத்தை குடும்பம். சகாயினுக்குப் போகும், 1934இல் கட்டிய ஆவா பாலம் ஆற்றில் கிடந்தது. போனில் சத்தமே இல்லை. சகாயின் பக்கம் பல ஊர்களில் அதற்கு முன்பே நெட் கிடையாது.

ஆற்றைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையனைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். அவன் கையில் பள்ளிக்கூட நோட்டு. அந்தப் பக்கத்து ஆட்கள் வரிசையாகப் பெயர் எழுதியிருந்தார்கள். பர்மிய எழுத்தில்தான் எல்லாம், நடுநடுவே தமிழில் சில வரிகள். அவன் சத்தமாகப் படிக்கப் படிக்க, பெயர் வந்தவர்கள் கூட்டத்திலிருந்து விலகி உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை பெயர் வந்தது. அதற்கு மேல் அவன் படித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த வாரமே தன்னார்வலர்கள் சிலர் பெட்டி ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள், நல்ல எண்ணத்தோடு. எல்லோரும் இடிந்த வீட்டைப் படம் எடுத்துப் போட்டார்கள். முதலில் வந்தது முதலில் போகும் என்று வைத்திருந்ததால், படங்கள் முன்னால் நின்றுகொண்டன. "உயிரோடு இருக்கிறோம்" என்ற ஒற்றை வரிகள் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. அந்தப் பையனின் நோட்டு முழுவதையும் டைப் செய்து போட்டாலும் ஒரு படத்தின் அளவுக்கு வராது. பெயரும் நிலைமையும் உள்ள சின்னச் செய்திகளுக்குத் தனி வரிசை வேண்டும், அது காலியான பிறகுதான் படத்துக்கும் குரலுக்கும் இடம். பெட்டி வைக்கிற யாராக இருந்தாலும் முதல் நாளே இதை வையுங்கள். நிலநடுக்கம் வந்த பிறகு மாற்ற யாருக்கும் கை ஓடாது.