பஸ்ஸில் சிக்னல் போனால் சுகர் அலாரம் வருமா?

மகனுக்கு 13 வயது, டைப் 1 சர்க்கரை நோய். கையில் சுகர் அளவைப் போனுக்கு அனுப்பும் 14 நாள் சென்சார். கோத்தகிரியிலிருந்து குன்னூர் பள்ளிக்குப் பஸ்ஸில் போகிறான். தேயிலைத் தோட்ட வளைவுகளில் சிக்னல் போய்விடும். நேற்று 20 நிமிடம் என் போனில் சுகர் எண் 82-லேயே நின்றது. பயத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

பதில்: அக்கா, சென்சாருக்கும் அவன் போனுக்கும் நடுவே இருப்பது புளூடூத். நெட் இல்லாவிட்டாலும் அவன் போனில் அலாரம் அடிக்கும்; உங்களுக்கு வரத்தான் நெட் வேண்டும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கட்டும். என் மகள் ஒருமுறை குளுக்கோஸுக்குப் பதிலாக வர்க்கி (ஊட்டி பக்கத்து மொறுமொறு பிஸ்கட்) தின்றாள். அதில் கொழுப்பு அதிகம், சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

பதில்: ஊட்டி ஜனவரி உறைபனியில் எங்கள் குளுக்கோமீட்டர் வேலை செய்யவில்லை. ஸ்வெட்டருக்குள் வைத்திருந்த பிறகுதான் எண் காட்டியது.

கேட்டவர்: சரிங்க. எங்கள் வீட்டுத் துரை, என் மகன், போனைச் சைலன்ட்டில் போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்க்கிறேன். அப்புறம் அவன் பையில் வர்க்கிப் பொட்டலம் இருக்கிறதா என்றும்!