வட்டக்களரிக்கு நடுவில்

குடும்பக் குழு: நம்மட வளவு

சின்னம்மா: நம்மட மகளும் கூட்டாளிகள் ஆறு பேரும் மட்டக்களப்பு கல்லடியில் வைத்திருக்கிற ஓவியக் கண்காட்சி நாளையோடு முடிகிறது. எல்லாம் ‘இராவணேசன்’ கூத்தை வைத்து வரைந்த படங்கள். போகாத ஆட்கள் போய்ப் பாருங்கள்.

பெரிய மாமா: நான் நேற்றே போனேன். ஒரு குறை. ஒரு படத்தில் இராவணன் வெறும் மேலோடு இருக்கிறான். இராவணேசன் வடமோடி வகைக் கூத்து. விரிந்து நிற்கிற அந்தக் கரப்புடுப்பு இல்லாமல் என்ன வடமோடி?

தங்கச்சி: மாமா, அது என் படம். தம்பியும் மகனும் செத்த பிறகு, கடைசிச் சண்டைக்கு முதல் அவன் தனியே இருக்கிற நேரம். பின்னால் கொடியில் தொங்குவதைப் பார்க்கவில்லையா? அதுதான் கரப்புடுப்பு.

பெரிய மாமா: அதுவா? நான் வாவியில் மீன் பிடிக்கிற கரப்பு என்று நினைத்தேன்.

கனடா அண்ணா: இது யார் எழுதியது மாமா?

பெரிய மாமா: மௌனகுரு சேர். பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் தயாரித்தார். 1956இல் சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தைப் போட்டு நாடே பேசியது. நம்மட கூத்தையும் அப்படி மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வித்தியானந்தன் இறங்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, அதற்குப் பிறகுதான் இராவணேசன். விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கினார்கள். நாலு பக்கமும் சனம் இருக்கிற களரியை விட்டு, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடைக்கு ஏற்றினார்கள்.

சின்னம்மா: அண்ணன் தொடங்கிவிட்டார். இனி விடிந்துவிடும்.

தங்கச்சி: அதனால்தான் மாமா நாங்கள் படங்களைச் சுவரில் மாட்டவில்லை, வட்டமாகத் தொங்கவிட்டோம். பாதிப் படங்களில் இருப்பது சனம்தான். பாயில் நித்திரையான பிள்ளை, கச்சான் விற்கிற ஆச்சி... பார்க்க வருகிற ஆள் நடுவில் நின்றால், அவர்தான் ஆட்டக்காரர்.

நான்: இன்றைக்கு அம்மப்பாவைக் கூட்டிப் போனேன். அந்த இடத்தில்தான் பிரச்சினை.

தங்கச்சி: ஐயோ, என்ன சொன்னார்?

நான்: நடுவில் போய் நின்று சுற்றிப் பார்த்தார். “நடுவில் நிற்கிறது ஆட்டக்காரன் இல்லை மனே, மத்தளம் அடித்துக் கூத்தை நடத்துகிற அண்ணாவியார். ஆட்டக்காரன் சுற்றி வருவான்” என்றார். பிறகு கதிரை கேட்டார். உட்காரத்தான் என்று கொடுத்தால், அதன் முதுகில் தாளம் போடத் தொடங்கிவிட்டார். பத்து நிமிடம் இருக்கும். பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

சின்னம்மா: அப்பா களரியை விட்டு எத்தனை வருசம்! வீடியோ எடுத்தாயா?

நான்: இல்லை சின்னம்மா. கை ஓடவில்லை.

தங்கச்சி: அவர் சொன்னதுதான் சரி. அறிவிப்புப் பலகையில் ‘ஆட்டக்காரர்’ என்று எழுதியதை இப்போதே மாற்றுகிறேன். நாளைக்கும் வருவாரா?

நான்: “மத்தளம் இருந்தால் வருவேன்” என்கிறார்.

பெரிய மாமா: அவருடைய மத்தளம் என் வீட்டில்தான் கிடக்கிறது. ஒரு பக்கம் தளர்ந்துபோய்விட்டது, வார் இறுக்க வேண்டும். காலையில் வெயிலில் வைக்கிறேன். ஓட்டோவுக்கு யார் சொல்வது?