கசெட்டை எம்பி4 ஆக மாற்றினேன், வகுப்பில் போடலாமா?

வெள்ளவத்தை, உயிரியல் ஆசிரியை:
எங்கள் பாடசாலை நூலகத்தில் இதயம் இயங்கும் விதத்தைக் காட்டும் பழைய வீஎச்எஸ் கசெட் ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல். கசெட்டை ஓட்டும் டெக் பழுதானதும் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி மூடியை உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்தார். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். "டீச்சர், துடைக்காமல் போட்டால் என்ர டெக்கின்ர ஹெட்டும் போயிடும்" என்றார். மூன்று நாளில் பென்டிரைவில் தந்தார்.

ஆசிரியர் அறையில் ஒருவர், "இது களவுக் கொப்பி" என்றார். அந்தச் சொல் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். 11 ஆம் பிரிவு கற்பித்தலை நியாயமான பயன்பாட்டில் சேர்க்கிறது, வகுப்பறைக்கு எடுக்கும் பல பிரதிகள் உட்பட. ஆனால் கற்பித்தல் என்று சொன்னால் மட்டும் போதாது. நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, அதன் சந்தைக்கு வரும் பாதிப்பு, நாலையும் பார்க்க வேண்டும். 12 ஆம் பிரிவு, கற்பித்தலுக்கு விளக்கமாக ஒரு சிறு பகுதியை எடுக்கலாம், மூலத்தையும் ஆக்கியவர் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்கிறது.

நாற்பது நிமிடப் படத்தில் வால்வுகள் திறந்து மூடும் நாலு நிமிடத்தை மட்டும் வெட்டி, தொடக்கத்தில் தயாரித்தவர்களின் பெயரைப் போட்டேன். பிள்ளைகள் முழுப் படத்தையும் வட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். அனுப்பவில்லை. குழுவில் போனது வகுப்புக்குள் நிற்காது, இன்னும் விற்பனையில் உள்ள படமென்றால் விற்பவரின் வயிற்றில் அடிப்பதுதான். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தெஹிவளை, புவியியல் ரியூசன் ஆசிரியர்:
எனக்கு டிவிடியில் நடந்தது. லண்டனில் இருக்கும் தங்கச்சி எரிமலைப் படமொன்று அனுப்பினா. டிவிடிகளை உலகப் பகுதிவாரியாக வலயம் பிரித்துப் பூட்டி விற்கிறார்கள். அது 2 ஆம் வலயம், நம்முடையது 5 ஆம் வலயம், பிளேயர் எடுக்கவில்லை. பூட்டை உடைத்து மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். டீச்சரின் கசெட் கதை வேறு, பூட்டுள்ள தட்டு வேறு. பூட்டை மீறும் கருவிகளை விற்பனைக்கோ வாடகைக்கோ தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் அதே சட்டத்தின் 23 ஆம் பிரிவு தடுக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தயாரிப்பாளருக்கே மின்னஞ்சல் எழுதினேன்: எத்தனை பிள்ளைகள், எந்த நிமிடங்கள், கட்டண வகுப்பு என்பதையும் மறைக்காமல். பதினொரு நாளில் மூன்று துண்டுகளுக்கு அனுமதி வந்தது. அந்தக் கடிதத்தை அச்சிட்டு வகுப்புக் கோப்பில் வைத்திருக்கிறேன்.